கம்பெனி வேலையில் சேர்ந்த மருதநாயகம்



ஃபைனல் இயர் வந்ததிலிருந்து வீட்டிலும் சரி, கேன்டீனிலும் சரி, எல்லோரும் என்னிடம் கேட்கிறது ஒரே கேள்விதான். கம்பெனி கிடைச்சாச்சா? அதனால்தானோ என்னவோ, இந்த இதழுக்கு ஒரு சரித்திர மனிதரைப் பற்றி எழுதச் சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தவரும் ஒரு கம்பெனி ஆள்தான். கிழக்கிந்தியக் கம்பெனி ஆள். அங்கே சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, கமாண்டன்ட் ஆகி, தங்கப் பதக்கம் வாங்கி, கடைசியில் அதே கம்பெனியின் பாசறைக்கு முன்னால் தூக்கில் தொங்கியவர். பெயர் முகமது யூசுப் கான். மதுரைக்காரர்களுக்குக் கான்சாகிபு. நமக்கெல்லாம் மருதநாயகம்.

பெயரைக் கேட்டதும் உங்களுக்குக் கமல் படம்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். 1997 அக்டோபர் 16-ஆம் தேதி சென்னையில் அந்தப் படத்தின் தொடக்க விழா நடந்தது. இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் நேரில் வந்திருந்தார். படம் இன்னும் முடியவில்லை, அது வேற கதை. ஆனால் ஒன்றைக் கவனிச்சீங்களா? மருதநாயகத்தைத் தூக்கிலிட்டது 1764 அக்டோபர் 15. அவரை எதிர்த்துப் படை அனுப்பிய நாட்டின் ராணி, அவருடைய நினைவு நாளுக்கு மறுநாள் அவருடைய படத்தின் விழாவில் உட்கார்ந்திருக்கிறார். இதை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நான் படிச்சது முழுக்க இங்கிலீஷ் மீடியம். ஸ்கூல் ஹிஸ்டரி புத்தகத்தில் கர்நாடகப் போர்கள் என்று ஒரு பாடம் வரும். கிளைவ், டூப்ளே, லாலி என்று பெயர்களை மனப்பாடம் செய்து ஐந்து மார்க் வாங்கினேன். அந்தப் போர்களில் உண்மையில் சண்டை போட்டுச் செத்தவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்க்காரர்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

பனையூரிலிருந்து புதுச்சேரிக்கு

மருதநாயகம் பிறந்தது ஏறத்தாழ 1725-இல், ராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூரில். வேளாளக் குடும்பம். இளவயதிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார். பிறகு இஸ்லாத்தைத் தழுவி யூசுப் கான் ஆனார். நம்ம புதுச்சேரிக்கு வந்து ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வேலை பார்த்தார், இங்கேதான் பிரெஞ்சு கற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள். அப்புறம் தஞ்சாவூர்ப் படையில் கொஞ்ச காலம், நெல்லூரில் கொஞ்ச காலம். அங்கே சின்னப் பதவியில் ஆரம்பித்துச் சுபேதார் வரை உயர்ந்தார்.

அந்தக் காலத்து நிலைமையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1749-இல் ஆற்காட்டு நவாப் பதவிக்குச் சண்டை. ஒரு பக்கம் சந்தா சாகிபு, அவருக்குப் பின்னால் புதுச்சேரியிலிருந்து டூப்ளே. இன்னொரு பக்கம் முகமது அலி, அவருக்குப் பின்னால் சென்னை ஆங்கிலேயர்கள். முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டார். 1751-இல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். இந்தச் சமயத்தை ஒட்டித்தான் யூசுப் கான் தன் சிப்பாய்களோடு கம்பெனிப் படையில் சேர்கிறார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். நம்மைவிட நாலைந்து வயதுதான் கூட.

ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்ற ஆங்கிலத் தளபதி அவருக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார். 1752 முதல் 1754 வரை திருச்சியைச் சுற்றி நடந்த போரில் யூசுப் கானின் திறமை வெளியே தெரிந்தது. அந்தப் போர் பீரங்கியால் மட்டும் நடந்த போர் இல்லை. அரிசி எந்த வழியாகக் கோட்டைக்குள் வருகிறது, யார் அதை மறிக்கிறார்கள் என்பதில்தான் வெற்றி தோல்வி இருந்தது. இன்று நாம் எலெக்டிவ் பாடத்தில் சப்ளை செயின் என்று படிக்கிறோமே, அதேதான். புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டு வழியாக வரும் மாட்டு வண்டிகளைக் காத்துக் கொண்டுவந்து சேர்ப்பதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. நாட்டின் பாதைகள், ஆறுகள், காடுகள், உளவு சொல்லும் ஆட்கள் எல்லாம் அவர் கைக்குள் இருந்தன. எந்த இங்கிலீஷ் ஆபீசருக்கும் அது வராது.

1754-இல் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் கமாண்டன்ட் ஆனார். தங்கப் பதக்கமும் கிடைத்தது. லிங்க்ட்இன் மட்டும் அன்று இருந்திருந்தால் என்று நினைத்து நானே சிரித்துக்கொண்டேன். ஆனால் சிரிப்பு இதோடு சரி. இனி வருவது கஷ்டமான பகுதி.

சொந்தச் சீமைக்கு எதிராக

முகமது அலி போரில் ஜெயித்தார், ஆனால் கம்பெனிக்குப் பெரிய கடனாளி ஆனார். கடனை அடைக்க வழி? மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வரியை வசூலித்துக்கொள்ளும் உரிமை. நாயக்கர் காலத்திலிருந்து அங்கே பாளையக்காரர்கள் ஆண்டுவந்தார்கள். எழுபத்திரண்டு பாளையங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். அவர்களுக்கு நவாபும் புதுசு, கம்பெனியும் புதுசு. தங்கள் வயலில் விளைந்ததை யாரோ பட்ட கடனுக்கு ஏன் கொடுக்கணும் என்று அவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வீங்க?

1755-இல் கர்னல் ஹெரான் தலைமையில் ஒரு படை தெற்கே போனது. யூசுப் கானும் கூடப் போனார். அந்தப் படை மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கோயிலைச் சூறையாடி சாமி சிலைகளையும் எடுத்துக்கொண்டது. திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் அவர்களை மறித்துத் தாக்கினார்கள். நெற்கட்டும்செவல் கோட்டைக்கு முன்னால் பெரிய பீரங்கி இல்லாமல் ஹெரான் திரும்பிவர வேண்டியதாயிற்று. அந்தக் கோட்டைக்குச் சொந்தக்காரர் பூலித்தேவன்.

பூலித்தேவனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும். மேற்குப் பாளையங்களை ஒன்று சேர்த்து, திருவிதாங்கூரையும் துணைக்கு இழுத்து, வரி கேட்டு வந்த படைகளைப் பல வருஷம் தடுத்து நிறுத்தியவர் அவர். கட்டபொம்மனுக்கு ஒரு தலைமுறை முந்தியவர். அவரை அடக்கக் கம்பெனி அனுப்பியது யாரை? நம்ம கதாநாயகனைத்தான்.

1756-லிருந்து யூசுப் கான் அந்த வேலையைச் செய்தார். நடுவில் 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, கம்பெனி அவரை வடக்கே கூப்பிட்டது. கோட்டைக்கு வெளியே செங்கல்பட்டுப் பக்கம் நின்றுகொண்டு லாலிக்கு வரும் உணவையும் ஆட்களையும் ஓயாமல் தாக்கினார். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கினார். மறுபடி தெற்கே. இந்த முறை மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் அவரே அதிகாரி. கம்பெனிக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று குத்தகை.

அதே வருஷக் கடைசியில் வாசுதேவநல்லூரைத் தாக்கித் தோற்றார். விடவில்லை. 1761-இல் பெரிய பீரங்கிகளோடு திரும்பி வந்தார். நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் விழுந்தன. இந்தப் பனையூர் அவர் பிறந்த பனையூர் இல்லை, இது பூலித்தேவன் கோட்டை இருந்த ஊர். ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டபோது அவர் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இந்த இடத்தை மருதநாயகத்தின் ரசிகர்கள் பலர் வேகமாகத் தாண்டிப்போவார்கள். நாம தாண்ட வேண்டாம். தென்னாட்டில் ஆங்கிலேயர்களை எதிர்த்த முதல் பெரிய கூட்டணியை உடைத்தது ஓர் ஆங்கிலேயர் இல்லை. பனையூர்க்காரர் ஒருவர். அவர் அதைத் திறமையாகச் செய்தார் என்பதுதான் இன்னும் வலிக்கிறது.

நல்ல நிர்வாகி, கெட்ட பங்காளி

இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். மதுரையில் அவர் நல்ல ஆட்சி கொடுத்தார் என்பதில் அவருடைய எதிரிகளுக்கும் சந்தேகம் இல்லை. மீனாட்சி அம்மன் கோயிலிடமிருந்து பறிக்கப்பட்ட நிலங்களைத் திருப்பிக் கொடுத்தார். ஏரி, கால்வாய், கோட்டைகளைப் பழுது பார்த்தார். நெசவாளர்களையும் வியாபாரிகளையும் ஆதரித்தார். வழிப்பறி குறைந்தது. மதுரையில் கான்சாமேட்டுத் தெரு என்றும் கான்பாளையம் என்றும் இன்றும் பெயர் இருப்பது சும்மா இல்லை.

நிர்வாகம் நன்றாக இருந்ததால் வரியும் வந்தது. 1761-இல் வருஷம் 7 லட்சம் தருகிறேன், இன்னும் நாலு வருஷத்துக்குக் குத்தகையை நீட்டுங்கள் என்று கேட்டார். மறுத்துவிட்டார்கள். கூடுதல் பணம் தருகிற ஆளை ஏன் வேண்டாம் என்றார்கள்? நவாப் முகமது அலிக்கு அவர்மேல் பயம். இப்படி ஒருவன் தெற்கே வேர்விட்டால் நாளை தன் பதவிக்கே ஆபத்து என்று நினைத்தார். யூசுப் கான் இனி எனக்குக் கீழே வேலை பார்க்கட்டும் என்று நவாப் கேட்டார், கம்பெனி தலையாட்டியது.

யூசுப் கான் தன்னைக் கம்பெனியின் ஆளாகத்தான் நினைத்திருந்தார். நவாபின் ஆளாக இல்லை. பத்து வருஷம் உயிரைக் கொடுத்து உழைத்த இடத்தில், தன்னை வெறுக்கிற ஒருவரின் கீழே ஒரே உத்தரவில் தள்ளிவிடுகிறார்கள். சென்னைக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. அவர் போகவில்லை. போனால் திரும்ப முடியாது என்று அவருக்குத் தெரியும். படை சேர்க்க ஆரம்பித்தார்.

இடிந்துபோன ஊரின் கொடி

இங்கேதான் நம்ம ஊர் மறுபடி கதைக்குள் வருது. 1763-இல் யூசுப் கான் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். நம்ம கடற்கரைச் சாலைப் பக்கம் பிரெஞ்சுத் தூதரகத்தில் பார்க்கிற மூவர்ணக் கொடி இல்லை, அது பிரெஞ்சுப் புரட்சிக்கு அப்புறம் வந்தது. அன்றைக்கு இருந்தது பிரெஞ்சு அரசரின் வெள்ளைக் கொடி.

ஆனால் அந்தக் கொடிக்குப் பின்னால் அப்போது என்ன இருந்தது தெரியுமா? ஒன்றுமே இல்லை. 1761 ஜனவரி 16-ஆம் தேதி புதுச்சேரி ஆங்கிலேயர்களிடம் விழுந்துவிட்டது. அதற்குச் சில நாள் முன்னால்தான் ஆனந்தரங்கப் பிள்ளை இறந்திருந்தார். இந்த ஊரின் கதையைக் கால் நூற்றாண்டு நாட்குறிப்பாக எழுதியவர், அதன் முடிவைப் பார்க்கவில்லை. ஆங்கிலேயர்கள் கோட்டையையும் மதிலையும் வெள்ளையர் பகுதி வீடுகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பாரதி பூங்காவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும்போது ஒரு தடவை இதை நினைச்சுப் பாருங்க. அந்த இடத்தை ஒட்டித்தான் பழைய கோட்டை இருந்தது. ஒயிட் டவுனில் நாம் ரீல்ஸ் எடுக்கிற மஞ்சள் சுவரெல்லாம் இந்த இடிபாட்டுக்குப் பிறகு எழுந்தவை.

1763 பிப்ரவரியில் பாரிஸில் சமாதான ஒப்பந்தம் ஆனது. புதுச்சேரியைத் திருப்பித் தர ஆங்கிலேயர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஆக, பிரான்சுக்குச் சண்டை முடிந்துவிட்டது. மதுரையில் தன் கொடியை ஏற்றிக்கொண்டு ஒருவர் காத்திருக்கிறார் என்பதற்காக அது மறுபடி கப்பல் அனுப்பப்போவதில்லை. யூசுப் கானிடம் இருந்தது மர்ஷான் என்பவர் தலைமையில் புதுச்சேரி வீழ்ச்சிக்குப் பிறகு சிதறிய ஒரு சின்ன பிரெஞ்சுக் கூட்டம் மட்டுமே.

அப்போ பாளையக்காரர்கள்? அவர்கள் ஏன் ஓடிவந்து கைகொடுக்கவில்லை? கேள்வியிலேயே பதில் இருக்கு. அவர்களுடைய கோட்டைகளை இடித்தவரே இவர்தான்.

இரண்டு முற்றுகைகள்

1763 செப்டம்பரில் கம்பெனிப் படையும் நவாப் படையும் மதுரையைச் சூழ்ந்தன. யூசுப் கான் கோட்டையைப் பலப்படுத்தியிருந்தார். மழைக்காலம் வந்தது. நவம்பரில் முற்றுகையை விலக்க வேண்டியதாயிற்று. முதல் சுற்றில் ஜெயம் மதுரைக்கு.

1764-இல் மேஜர் சார்லஸ் கேம்ப்பெல் தலைமையில் மறுபடி வந்தார்கள். ஜூன் 26-ஆம் தேதி மதில் உடைந்த இடங்களில் ஏறித் தாக்கினார்கள். உள்ளே இருந்தவர்கள் விடவில்லை. பலத்த இழப்போடு ஆங்கிலேயர்கள் பின்வாங்கினார்கள். சென்னை முற்றுகையில் யூசுப் கானோடு தோளுக்குத் தோள் நின்ற பிரெஸ்டன், இந்தத் தாக்குதலில் பட்ட காயத்தால் இறந்துபோனார். பழைய சக ஊழியர்கள் மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்ற சண்டை இது.

தாக்கிப் பிடிக்க முடியாத கோட்டையைக் கேம்ப்பெல் பட்டினி போட்டார். திருச்சியில் யூசுப் கானே கற்றுக்கொடுத்த பாடம்தான், அரிசி வரும் வழியை அடை. உள்ளே பஞ்சம். தண்ணீர்க் கஷ்டம். விசுவாசம் மெல்ல மெல்லக் கரைந்தது. அக்டோபர் 13-ஆம் தேதி, அவர் தொழுகையில் இருந்த நேரத்தில், திவான் சீனிவாசராவ், வைத்தியர் பாபா சாகிபு, மர்ஷான் மூவரும் சேர்ந்து அவரைப் பிடித்தார்கள். அவருடைய தலைப்பாகையாலேயே கட்டினார்கள் என்று சொல்கிறார்கள். கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். கம்பெனி தன் கையைக் கறைப்படுத்திக்கொள்ளாமல் நவாபிடம் விட்டது. 15-ஆம் தேதி தூக்கு. கயிறு இரண்டு முறை அறுந்தது, மூன்றாவது முறைதான் உயிர் போனது என்று மக்கள் கதை சொல்வார்கள்.

உடலையும் ஒரே இடத்தில் விட்டுவைக்கவில்லை. தலை திருச்சிக்கு, கை கால்கள் தஞ்சாவூர், பாளையங்கோட்டை, திருவிதாங்கூர் என்று ஆளுக்கொரு திசைக்கு அனுப்பப்பட்டதாகச் சொல்கிறார்கள். செத்த பிறகும் அவ்வளவு பயம்.

இதே கதை, 480 வருஷத்துக்கு முன்னால்

உடலை வெட்டி ஊர் ஊராக அனுப்புவது ஆங்கிலேயர்களுக்குப் புதுசு இல்லை. பிரேவ்ஹார்ட் படம் பார்த்திருப்பீங்க. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் வாலஸை 1305-இல் லண்டனில் கொன்று, உடலை நான்காக வெட்டி நான்கு ஊர்களுக்கு அனுப்பினார்கள். ஆனால் மருதநாயகத்துக்கு உண்மையான ஜோடி வாலஸ் இல்லை. டாவித் அப் கிரிஃபித் என்ற வேல்ஸ் இளவரசர்.

இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு 1277-இல் வேல்ஸ்மீது படையெடுத்தபோது, டாவித் தன் சொந்த அண்ணன் லெவெலினுக்கு எதிராக எட்வர்டு பக்கம் நின்றார். பலனாக நிலம் கிடைத்தது. ஆனால் எதிர்பார்த்த மரியாதை கிடைக்கவில்லை. ஆங்கில அதிகாரிகளின் கெடுபிடி தாங்காமல் 1282-இல் அவரே கலகத்தை ஆரம்பித்தார். அண்ணனும் சேர்ந்துகொண்டார். அதே டிசம்பரில் அண்ணன் கொல்லப்பட்டார். மறுவருஷம் டாவித் பிடிபட்டு, 1283 அக்டோபர் 3-ஆம் தேதி ஷ்ரூஸ்பரி ஊரில் தூக்கிலிடப்பட்டு வெட்டப்பட்டார். அதோடு வேல்ஸின் சுதந்திரம் முடிந்தது.

கேம்ப்பெல் என்பது ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர். மதுரை முற்றுகைக்குப் பதினெட்டு வருஷம் முன்னால்தான், 1746-இல், கலோடன் போர்க்களத்தில் ஸ்காட்லாந்து மலைநாட்டுக் கலகத்தை அரசுப்படை நசுக்கியது. அதே மலைநாட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து ரெஜிமென்ட் ரெஜிமென்டாகக் கடல் தாண்டி அனுப்பினார்கள். பக்கத்து நாட்டை ஜெயிப்பது, அவர்களைக்கொண்டு அடுத்த நாட்டை ஜெயிப்பது. இந்த முறை அவர்களுக்கு அறுநூறு வருஷப் பழக்கம். பனையூர் மருதநாயகம் அந்த வரிசையில் ஒருவர்.

துரோகியா, தியாகியா?

போன செமஸ்டர் லீவில் மதுரைக்குப் போயிருந்தேன். காளவாசல் தாண்டிச் சம்மட்டிபுரத்தில் கான்சாகிபு பள்ளிவாசல் இருக்கு. 1808-இல் அவருடைய சமாதியின்மேல் எழுப்பியது, சின்னதுதான். நான் ஏறிய ஷேர் ஆட்டோக்காரருக்கு மருதநாயகம் சமாதி என்றால் தெரியவில்லை, கான்சாகிபு என்றதும் இறக்கிவிட்டார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தலை வேறெங்கோ, கை கால் வேறெங்கோ. உள்ளே இருப்பது மிச்சம்தான்.

நண்பர்கள் குரூப்பில் இதைப் போட்டதும் சண்டை ஆரம்பிச்சிருச்சு. ஒருத்தன் துரோகி என்றான், ஒருத்தி தியாகி என்றாள். எனக்கு இரண்டு சொல்லும் சரியாகப் பொருந்தவில்லை. 1761-இல் நெற்கட்டும்செவல் குடிமக்களிடம் கேட்டிருந்தால் ஒரு பதில் வந்திருக்கும். 1764-இல் மதுரைக் கோட்டைக்குள் பசியோடு நின்ற சிப்பாயிடம் கேட்டிருந்தால் வேறு பதில். கான்சாகிபு சண்டை என்று கதைப்பாடல் கட்டிப் பாடிய மக்கள், அவரை மன்னித்தார்களா என்று தெரியாது. ஆனால் மறக்கவில்லை.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அவர் கம்பெனியை எதிர்த்தது தப்பில்லை. தாமதம்தான் தப்பு. தன் திறமை யாருக்காக, யார் தலைமேல் வேலை செய்கிறது என்ற கேள்வி, தன் குத்தகை பறிபோன அன்றுதான் அவருக்கு வந்தது. பூலித்தேவனும் அவரும் ஒரே பக்கம் நின்றிருக்கக்கூடிய வருஷங்கள் அதற்குள் போய்விட்டன.

அடுத்த மாசம் எனக்கு ஒரு இன்டர்வியூ இருக்கு. கிடைத்தால் சேருவேன், வீட்டு நிலைமை அப்படி. ஆனால் அந்தக் கேள்வியைப் பத்து வருஷம் கழித்துக் கேட்டுக்கொள்ளக் கூடாது என்று நினைத்திருக்கிறேன். நீங்களும் மதுரைப் பக்கம் போனால் காளவாசலில் ஒரு பத்து நிமிஷம் இறங்கிப் பாருங்க.